முக்காட்டு அத்தை வைத்த வாளி

டீக்கடை டிவிக்குள்ளிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால், முதல் முறை யார் வயலுக்கு என்று உங்களால் சொல்ல முடியுமா? எங்களால் முடியவில்லை. ஆவரங்காட்டில் மழைத் தண்ணீருக்கு முறை இருக்கிறது, எப்போதாவது ஆற்றுத் தண்ணீர் வரத்துக்காலில் வந்தால் அதற்கும் முறை இருக்கிறது, டிவித் தண்ணீருக்கு மட்டும் முன்னால் இருந்தவர்கள் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அதனால் ஊர் கூடி, பேசி, சத்தம் போட்டு, டீ குடித்து, மறுபடி சத்தம் போட்டு, கடைசியில் மழைத் தண்ணீர் மாதிரியே வைத்துக்கொள்வோம், மேல்மடைக்கு முதலில், கடைமடைக்குக் கடைசியில் என்று முடிவு செய்தோம். தண்ணீர் அங்கிருந்து வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. கண்மாய்க்குள் கருவேலமரமும் வெள்ளாடும் மட்டுமே பார்த்துப் பழகிய ஊரில், தண்ணீர் வருகிறபோது வழியைக் கேட்டுக்கொண்டு நிற்பார்களா.

எல்லாம் ஒரு மயிலால் வந்தது. கண்மாய்க் கரையை ஒட்டி மொட்டையாண்டி மாமாவின் டீக்கடை. கடைக்கூரைமேல் இருந்த டிஷ் சட்டியில் ஒரு மயில் வந்து உட்கார்ந்து, தோகையை ஒதுக்கி, திரும்பி உட்கார்ந்ததில் சட்டி வேறு திசைக்குப் போய்விட்டது. நாடகம் போனது, பாட்டுப் போனது, செய்தி போனது. எங்கேயோ பனிமலைக்குக் கீழே இருக்கிற ஒரு வெள்ளைக்கார ஊர் மட்டும் மத்தியான வேளையில் வந்தது. மாமா ஏணி தேடினார். ஏணி கிடைப்பதற்குள் அந்த ஊர் எங்களுக்குப் பழகிவிட்டது.

அந்த ஊரைப் பற்றி என்ன சொல்ல. சாய்ந்த கூரை வீடுகள், நடுவில் ஒரு கோயில் கோபுரம், கோபுரத்தில் மணி, ஊரை ஒட்டி ஒரு ஆறு, மேட்டில் புல், புல்லில் கழுத்து மணி கட்டின மாடுகள். ஆண்கள் நீளக் கத்தியால் புல்லை அறுத்துக்கொண்டே போவார்கள், பெண்கள் கறுப்புப் பாவாடை கட்டி, தலையில் முக்காடு போட்டு, மேசையில் ரொட்டியை நெஞ்சோடு அணைத்து அறுப்பார்கள், எல்லாரும் உட்கார்ந்து ரசம் மாதிரி ஒன்றைக் கரண்டியால் குடிப்பார்கள், குடிக்கும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். ஒரு அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவுவதைக் காட்டினால் காட்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் நான் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்துவிடலாம், வந்து பார்த்தால் அதே கிழங்கு.

“இந்த ஊர்ல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“தொறந்தா குளுரு உள்ள போயிரும்ல, அதான்,” என்றார் மொட்டையாண்டி மாமா. “நீ கொஞ்சம் அங்க போயிட்டு வாயேன். நாங்களும் நிம்மதியா இருப்போம்.”

பேச்சு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் அந்தக் கிழங்கு சீவுகிற அம்மாவுக்கு முக்காட்டு அத்தை என்று பெயர் வைத்தோம். புருஷன் இல்லை, மகன் பட்டணத்துக்குப் போய்விட்டான், ஒரே ஒரு செவலை மாடு, ஆற்றங்கரையில் கிழங்குத் தோட்டம் என்று அவள் குடும்பம் முழுவதையும் கண்டுபிடித்துவிட்டோம். தபால்காரர் சைக்கிளில் வந்து அவள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இங்கே கடையில் நாலு பெண்களாவது உச்சுக் கொட்டுவோம். மகன் கடுதாசி போடவில்லை என்பதற்குப் பாஷை எதற்கு.

என் ஓரகத்தி பூமயில்தான் அவளை அதிகம் பார்த்தாள். என் கொழுந்தன் முனீசு போர்வெல் லாரியோடு வடக்கே போய், எந்த மாநிலத்தில் குழாய் இறக்குகிறானோ அங்கே தூங்கி அங்கே எழுந்துகொண்டிருந்தான். பூமயிலின் மகள் நட்சத்திராவுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். பூமயில் வயல் கடைமடை. அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வயலில் ஒரு போகம் விளைந்ததில்லை. மேல்மடை குடித்து, நடுமடை குடித்து, அவள் முறை வருவதற்குள் கண்மாயில் சேறுதான் இருக்கும்.

அவள் வந்த புதிதில் ஒருமுறை மேல்மடை ராமசிங்கம் தன் முறை முடிந்தும் மடையை அடைக்கவில்லை. பூமயில் சண்டைக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் அதற்குச் சண்டை போட மாட்டார்கள், குடம் வைப்பார்கள். முறை பறிபோனவர் ஒரு வெறுங்குடத்தைக் கொண்டுவந்து மடைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒரு வார்த்தை பேசக்கூடாது. யார் வயலுக்குத் தண்ணீர் ஓடுகிறதோ அவர் வந்து குடத்தைத் தூக்க வேண்டும், தூக்கினால் மடையை அடைத்துவிட வேண்டும், குடத்தை நிறைத்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். தூக்காமல் பொழுதை இறக்கிவிட்டால், அந்த வீட்டில் நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஊரில் ஒரு ஆள் கூட வராது. ராமசிங்கம் அன்றைக்குக் குடத்தைத் தூக்கினார், நிறைத்தார், தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தார். அதற்குள் கண்மாய் சேறாகியிருந்தது, பூமயிலுக்கு அந்த வருஷம் கிடைத்தது அந்த ஒரு குடம்தான்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு மத்தியானம் டிவியில் ஆற்றைக் காட்டினார்கள். ஆற்றைக் காட்டினால் அவர்கள் சீக்கிரத்தில் வேறு எதையும் காட்ட மாட்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தோம், டிவியின் கீழ் ஓரத்தில் ஈரம் பூத்தது, சொட்டியது, சுவரில் வழிந்தது, பெஞ்சுக்கு அடியில் ஓடி என் காலை நனைத்தபோது இடுப்பில் இருந்த என் மகன் சிரித்தான், அப்புறம் குளிர் தாங்காமல் அழுதான். நான் அவனையும் மற்ற பிள்ளைகளையும் கரண்டு அடித்துவிடும் என்று தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினேன். மொட்டையாண்டி மாமா டீக்கிளாஸ்களை எடுத்து மேலே வைத்தார். தண்ணீர் கடைவாசலைத் தாண்டி, கரைச்சரிவில் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு, கண்மாய்க்குள் இறங்கியது.

புல் வாசம் அடிக்கிற தண்ணீர். குடித்தால் பல் கூசும். ஆற்றைக் காட்டுகிற நாளெல்லாம் வந்தது, ஆற்றைக் காட்டாத நாள் அவர்களுக்கு இல்லை. மடைக்காரர் கருமலையான் மண்வெட்டியோடு வந்து, டீக்கடைப் பின்சுவரை இடித்து, கண்மாய்வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினார். மாமா சுவர் போன துக்கத்தில் டீக்கு இஞ்சி போடுவதை நிறுத்தினார், அப்புறம் தானே மனம் ஆறிப் போட்டார். வழுக்கலாய், புள்ளி வைத்த மீன் ஒன்று வந்தது. முள் குறைவு, குழம்புக்குப் புளி கொஞ்சம் கூடக் கேட்கும். கண்மாய் நிறைந்து, கருவேலமரங்களின் தலை மட்டும் தெரிந்து, எங்கிருந்தோ கொக்குகள் தகவல் தெரிந்து வந்து சேர்ந்தன. மேல்மடை நட்டது, நடுமடை நட்டது, பூமயிலும் நட்டாள். அவள் வயலில் தண்ணீர் ஏறிய அன்றைக்கு அவள் வரப்பில் உட்கார்ந்து முனீசுக்குப் போன் போட்டு, பேசாமல், தண்ணீர் விழுகிற இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கதிர் அறுக்கட்டும், நான் லாரிக்குத் திரும்பிப் போகல பூமயிலு. நெசமாச் சொல்றேன்,” என்று போனுக்குள்ளிருந்து முனீசு சொன்னது எனக்கும் கேட்டது.

எங்களுக்கு வருவது மேலூர்த் தண்ணீர், நாம் கீழூர், மேலூரில் மிஞ்சுவது கீழூருக்கு வருவது எங்கேயும் உள்ளதுதான் என்று சொல்லிக்கொண்டோம். நாங்கள் செய்த பிழை அதுதான். மிஞ்சியதா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நெல் தண்டு உருண்டு கதிர் கட்டத் தொடங்கியபோது டிவியில் ஆறு மெலிந்தது. முதலில் கல் தெரிந்தது, அப்புறம் கல்லுக்கு அடியில் இருந்த கல் தெரிந்தது. “பனி உருகும், வந்துரும்,” என்றார் ராமசிங்கம். மேட்டுப் புல் பழுத்தது. செவலை மாட்டின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது, அதன் கழுத்து மணி முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது, கழுத்து சுருங்கினால் மணி அப்படித்தான் ஆடும். ஒருநாள் அந்த ஊர்க்காரர்கள் கோயிலுக்குள் இருந்த சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மெழுகுவத்தி பிடித்து, வறண்ட ஆற்றோரமாகப் புழுதியில் நடந்துபோனார்கள். அவர்கள் என்ன பாடினார்கள் என்று தெரியாது, எதற்குப் பாடினார்கள் என்று தெரியும். நாங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி தாண்டிப் போகிறவரைக்கும் நின்றோம். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனோம்.

பூமயில் வயல் பால் பிடிக்கிற பருவத்துக்கு வந்தது. அவள் கடைசியாக நட்டவள், அதனால் மற்ற வயல்கள் தலை சாய்ந்து நிற்கும்போது அவள் கதிர் அப்போதுதான் பாலாக இருந்தது. அந்த நேரத்துத் தண்ணீர் தவறினால் நெல் பதராகப் போகும், வைக்கோல் மட்டும் நிற்கும். கண்மாயில் தண்ணீர் இருந்தது. முறை அவளுடையது.

அன்றைக்கு மத்தியானம் டிவியில் முக்காட்டு அத்தை வந்தாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு தகர வாளியை எடுத்தாள், கிணற்றுக்குப் போகவில்லை, ஆற்றுக்குள் இறங்கினாள், காய்ந்த கல்மேல் நடந்து நடந்து எங்களைப் பார்த்து வந்தாள், முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, கண்ணோரச் சுருக்கம் தெரிகிற தூரத்துக்கு வந்து, வெறும் வாளியை எங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டி நின்றாள். பேசவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க வந்துவிட்டது. டிவியில் அத்தை அசையவில்லை. காற்றில் முக்காட்டு நுனி மட்டும் ஆடியது.

“படத்துல யாரோ ஒரு வெள்ளக்காரி வாளி வச்சா நாம மடைய அடைக்கணுமா?” என்றார் ராமசிங்கம். “நிக்கிறதுக்குக் காசு வாங்கிருக்கும்யா அந்தம்மா. நடிப்பு.”

“அவ நடிக்கிறா, சரி,” என்றார் மொட்டையாண்டி மாமா. “உன் வயல்ல தலை சாஞ்சு நிக்குதே நெல்லு, அதுவும் நடிக்குதா?”

“அப்பச் சட்டியத் திருப்பிவிடு. ஏணிதான் இப்ப கெடச்சிருச்சுல்ல. பழையபடி நம்ம நாடகத்தப் பாப்போம். கண்மாய்ல கெடக்குற தண்ணி எங்கயும் போயிராது.”

யாரும் அவரைத் திட்டவில்லை. அவர் சொன்னது எங்கள் எல்லார் மனதிலும் ஓடிக்கொண்டிருந்ததுதான். சட்டியை ஒரு கை அளவு திருப்பினால் போதும், அந்த முகம் இருக்காது. ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. யாரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டோம்.

கருமலையான் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார், “இன்னைக்கு யார் முறை?”

அவருக்குத் தெரியாததா. “பூமயிலு முறை,” என்றேன் நான், யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

“அப்ப வாளி அவளுக்குத்தான் வச்சிருக்கு. தூக்குறதும் தூக்காததும் அவ பாடு. மத்தவுக வாயத் தொறக்க வேணாம்.”

பூமயில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அத்தையின் முகத்தை அவள் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள்.

“அக்கா,” என்று என்னைக் கூப்பிட்டாள். “பாவாடை நுனியப் பாரு. சேறு காஞ்சிருக்கு. ஆத்த நெடுகத் தேடி நடந்திருக்கு அந்தம்மா. நானும் அந்த வருசம் இப்படித்தான் கண்மாயச் சுத்தி நடந்தேன், எங்கயாவது மிச்சம் கெடக்கான்னு.”

“பூமயிலு, கதிரு பால்ல நிக்கிது,” என்றேன். எனக்கு அவள் வயல்தான் முக்கியம், வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது.

“தெரியும்க்கா,” என்றாள். மகளை என் கையில் கொடுத்தாள்.

கண்மாய்க்குப் போய் மடையை அடைத்தாள். குடத்தில் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்து வந்து, டிவியில் வாளி இருந்த இடத்தில், கண்ணாடிமேல், மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கீழே வழியவில்லை. வாளி நிறைந்தது. அத்தை குனிந்து, முக்காட்டு நுனியை நனைத்து, முதலில் கழுத்தைத் துடைத்தாள், அப்புறம் குடித்தாள். குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வறண்ட ஆறு நெடுக, கல்லுக்கு ஒருத்தராக, அந்த ஊரே வாளி வைத்து நின்றுகொண்டிருந்தது.

வீடுவீடாகக் குடம் வந்தது, அண்டா வந்தது, பால் கேன் வந்தது. வரிசையாக நின்று கைமாற்றி ஊற்றினோம். நான்தான் சொன்னேன், இப்படிக் குடம்குடமாக ஊற்றினால் நம் பேரன்கள் காலத்திலும் முடியாது, ராமசிங்கம் சித்தப்பா வீட்டில் ஆயில் இன்ஜின் இருக்கிறதே என்று. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார், ஆள் வைத்து இன்ஜினைத் தூக்கி வந்தார், “சேறு ஏறி இன்ஜின் போச்சுன்னா உங்க ஒருத்தனையும் விடமாட்டேன்” என்று திட்டிக்கொண்டே குழாயைக் கண்மாயில் இறக்கினார், குழாயின் மறுமுனையைத் தானே டிவிமேல் பிடித்துக்கொண்டார். இன்ஜின் ஓடியது. கண்மாய் இறங்கியது. கொக்குகள் கிளம்பின. டிவியில் கல்லுக்கு அடியில் இருந்த கல் மறைந்து, அப்புறம் கல் மறைந்து, ஆறு பழையபடி அகலமாகி, செவலை மாடு முன்னங்காலை மடக்கிக் குடித்தது. அதன் மணி தண்ணீருக்குள் போனதும் சத்தம் நின்றது. கண்மாயில் புள்ளி மீன்கள் சேற்றில் துள்ளின. பொறுக்கியெடுத்து அவற்றையும் டிவிக்குள் விட்டோம், குழம்புக்கு என்று யாரும் ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை.

மேல்மடையும் நடுமடையும் அறுத்துக்கொண்டார்கள், அவர்கள் கதிர் முற்றியிருந்தது. பூமயில் வயல் மட்டும் பச்சையாக நின்றது. ஆளாளுக்கு வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுபோய் அவள் வயலில் ஊற்றினோம், நிலம் ஒரு மடக்கில் குடித்துவிட்டு எங்களைப் பார்த்தது. வரப்போரம் வெடிப்பு ஓடியது. கதிர்முனை வெளுக்க ஆரம்பித்தது. வானத்தில் ஒன்றும் இல்லை. டிவியில் இப்போதெல்லாம் ஆற்றைக் காட்டினாலும் கீழ் ஓரம் காய்ந்தே இருந்தது, அங்கே போனது அங்கேயே தங்கிவிட்டது.

முனீசு போனில் கேட்டான், “கதிர் எப்படி இருக்கு?”

“நிக்கிது,” என்றாள்.

“டிக்கெட் போடவா?”

“பாப்பா தூங்குது. பெறகு பேசுறேன்,” என்று வைத்துவிட்டாள். நட்சத்திரா தூங்கவில்லை, என் மகனோடு கட்டி உருண்டுகொண்டிருந்தாள், எழுந்து வந்து, போனில் இருந்த ஆள் எங்கே என்று அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் பூமயில் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். மொட்டையாண்டி மாமா பாய்லரின் நெருப்பைத் தணித்தார். டிவியில் முக்காட்டு அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள், அன்றைக்கும் அவசரமில்லாமல்தான் சீவினாள், பின்னால் ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

“பெஞ்சுல வையி பூமயிலு,” என்று நான் மெதுவாகச் சொன்னேன். “குடத்த வச்சுட்டு நில்லு. அவளுக்கு வழக்கம் தெரியும்.”

“வைக்க முடியாதுக்கா,” என்றாள். “என் முறைய யாரும் திங்கல. நானாத்தான குடுத்தேன்.”

அவள் சொன்னது சரி. பறிபோனதற்குத்தான் குடம் வைக்கலாம், கொடுத்ததற்கு வைக்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

குடத்தை இறக்காமல் நின்றாள். அத்தை கடைசிக் கிழங்கைச் சீவி, கத்தியைப் பாவாடையில் துடைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தோலை மாட்டுக்குப் போடத் திரும்பியவள், யாரோ வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்த மாதிரி எங்கள் பக்கம் பார்த்தாள். பூமயில் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். தெரியாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில், கொஞ்சம் சத்தமாக, அந்த ஊர் தூரம் என்பதால் கேட்காமல் போய்விடக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

“அத்தை, உங்க மாட்டுக்கும் கெழங்குக்கும் போக மிச்சம் இருந்தா, என் வயலுக்கு ஒரே ஒரு தண்ணி விடுங்க.”